அட்டையில் எழுதாத வாதம்

நான் பிளஸ் டூ படித்தபோது மூணாறில் பள்ளிகளுக்கான தமிழ் விவாதப் போட்டி நடந்தது. எங்கள் மலைக் கிராமமான வட்டவடையிலிருந்து நானும் என் சிநேகிதியும் போனோம். அவள் வீடு எங்கள் வீட்டுக்கு எதிரே. சிறு வயதிலிருந்தே ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். மேடையில் பேசுவதில் அவள் கெட்டி. விஷயங்களைத் தேடி எடுத்து அடுக்கி வைப்பது என் வேலை. எனக்கு அந்த வேலைதான் பிடித்தும் இருந்தது.

'சுற்றுலா மலைக் கிராமங்களை வாழ வைக்கிறதா?' என்பது தலைப்பு. யார் எந்தப் பக்கம் பேசுவது என்று மேடையேறும்போதுதான் சீட்டுக் குலுக்குவார்கள். அதனால் இரண்டு பக்கத்துக்கும் தயாராக வேண்டும். பழைய கல்யாணப் பத்திரிகைகளை ஒரே அளவில் வெட்டி, வெறுமையாக இருந்த பக்கத்தில் ஒரு அட்டைக்கு ஒரு வாதம் என்று எழுதினேன். ஆதரவுக்குப் பச்சை மை, எதிர்ப்புக்குச் சிவப்பு. எதிரணி என்ன கேட்கும், அதற்கு என்ன பதில் என்பதை மட்டும் தனி அட்டைகளில் எழுதி ரப்பர் பேண்ட் போட்டு வைத்தேன். ஜீப் ஓட்டுகிறவர்களிடமும், கேரட் கழுவுகிற பெண்களிடமும், ரோட்டோரம் ஸ்ட்ராபெரி ஜாம் விற்கிற அக்காவிடமும் போய்க் கேட்டு எழுதினேன். எல்லாம் ஒரு செருப்புப் பெட்டிக்குள் வரிசையாக இருந்தன.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நான் அட்டையில் எழுதவில்லை.

பூண்டு தொடர்ந்து மழையில் அழுகிப்போன பிறகு அப்பா எங்கள் நிலத்தை ரிசார்ட்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு, அங்கேயே வாட்ச்மேனாகச் சேர்ந்திருந்தார். இது ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. ஒரு நாள் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனேன். ரிசார்ட் கேட் அருகே கார் நிறுத்திய ஒருவர், "இது முன்னாடி யாரு நிலங்க?" என்று கேட்டார். அப்பா தலையைக் குனிந்து, "தெரியல சார்" என்றார். நான் வேலிக்கு இந்தப் பக்கமே நின்றேன். கார் உள்ளே போன பிறகு, அப்போதுதான் வருகிற மாதிரி போய்ச் சோற்றைக் கொடுத்தேன்.

பயிற்சி செய்துகொண்டிருந்தபோது ஒரு நாள் இதைச் சிநேகிதியிடம் சொல்லி அழுதுவிட்டேன். அவளும் அழுதாள்.

"இத மேடையில சொல்லிராதடி" என்றேன்.

"லூசாடி நீ? நான் போய்ச் சொல்லுவேனா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

போட்டியன்று காலையில், ராத்திரி டூட்டி முடிந்து அப்பா நேராக எங்களோடு ஜீப்பில் ஏறினார். வாட்ச்மேன் சட்டைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டிருந்தார். மூணாறு வந்ததும் அரங்கத்தில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

சீட்டில் எங்களுக்கு எதிர்ப்பு விழுந்தது. முதலில் நான் பேசினேன். நன்றாகத்தான் போனது. ஆனால் எதிரணியில் ஒரு பெண் எழுந்து, "நிலத்தை விருப்பப்பட்டுத்தானே கொடுத்தார்கள்? இன்று மாதச் சம்பளம் வாங்குகிறார்கள். அவர்கள் இழந்தது என்ன?" என்று கேட்டதும் கைதட்டல் எழுந்தது. பதில் அட்டை என்னிடம் இருந்தது. எடுத்துச் சிநேகிதியிடம் நீட்டினேன். அவள் அதைப் பார்த்தாள். பிறகு மேசையில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"இழந்தது என்ன என்று கேட்கிறீர்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாளே, இவள் அப்பாவைக் கேளுங்கள். தன் நிலத்துக்கே அவர் காவல்காரர். இது யார் நிலம் என்று ஒருவர் கேட்டபோது, 'தெரியல சார்' என்றார். இதோ, கடைசி வரிசையில்தான் இருக்கிறார். அந்த ஸ்வெட்டருக்குள்ளே வாட்ச்மேன் சட்டை இருக்கிறது!"

எல்லாத் தலையும் திரும்பியது. நிகழ்ச்சியை நடத்தியவர் மைக்கில், "அந்த அப்பா கொஞ்சம் எந்திரிச்சு நிக்கலாமா?" என்றார். அப்பா எழுந்தார். எதற்கென்று புரியாதவர் போலக் கும்பிட்டார். கைதட்டல் ஓயவே இல்லை. அவர் மேடையைப் பார்த்தார். சிநேகிதியை அல்ல, என்னைப் பார்த்தார்.

முடிவுரை என்னுடையது. மைக் முன்னால் போனேன். ஒரு வாதம்கூட ஞாபகத்துக்கு வரவில்லை. "என் அப்பா உதாரணம் இல்லை" என்று மட்டும் சொன்னேன். போய் உட்கார்ந்துவிட்டேன்.

அதற்கும் கைதட்டினார்கள். அதைவிட நல்ல முடிவுரையைக் கேட்டதில்லை என்று நடுவர் பாராட்டினார். முதல் பரிசு எங்களுக்கு.

வெளியே வந்ததும் சிநேகிதி என்னைக் கட்டிப்பிடிக்க வந்தாள். நான் விலகினேன்.

"எதுக்குடி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? ஜெயிச்சிட்டோம்ல."

"சொல்லாதன்னு சொன்னேன்ல."

"தோத்துட்டு இருந்தோம்டி. நான் என்ன பொய்யா சொன்னேன்? உண்மையத்தான சொன்னேன்."

அதற்குள் அப்பா வந்துவிட்டார். "பசிக்குதாம்மா?" என்று அவளிடம்தான் முதலில் கேட்டார். கடையில் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தார். திரும்பி வரும்போது ஜீப்பில் அவள் மட்டும் பேசிக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்து ஸ்வெட்டரைக் கழற்றியபடி அப்பா கேட்டார். "அன்னிக்குச் சோறு கொண்டாந்தப்பவா நான் சொன்னதக் கேட்ட?"

"ஆமாப்பா."

"ம்." வாட்ச்மேன் சட்டையின் பொத்தானைக் கழற்றினார். "உனக்குக் கேக்கலன்னுல்ல நெனச்சிட்டு இருந்தேன்."

மறுநாளிலிருந்து சோற்றை அவரே எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த சுற்றுக்கு நான் வரவில்லை என்று தமிழ் டீச்சரிடம் சொன்னேன். அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கடைசியில் சிநேகிதி பிளஸ் ஒன் படிக்கும் ஒரு பெண்ணோடு போனாள். செருப்புப் பெட்டியை டீச்சர் கேட்டார், கொடுத்தேன். அங்கேயும் அவள் என் அப்பாவின் கதையைச் சொன்னாளாம். கூடப் போன பெண்தான் வந்து சொன்னாள். "சொல்லும்போது அழுதுட்டாங்கக்கா, ஹாலே அமைதியாயிருச்சு." அவள் கண்ணீர் பொய் என்று நான் நினைக்கவில்லை. என்னோடு அழுத அதே கண்கள்தான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"சின்னப் புள்ளதான, ஏதோ வேகத்துல சொல்லிருச்சு, விடு. எதுத்த வீட்டோட எத்தன நாளு பேசாம இருப்ப?" என்று அப்பா இரண்டு மூன்று முறை சொல்லிவிட்டார். தெருவில் அவளைப் பார்த்தால் நின்று விசாரிக்கவும் செய்கிறார். அவருக்கு முடிகிறது. அவள் குரல் கேட்டால் நான் இன்னும் உள்ளே போய்விடுகிறேன்.