மிளகு மிதித்த கால்

போன ஞாயிற்றுக்கிழமை கொல்லிமலைக்குப் போயிருந்தேன். அருவி பார்க்கவா? அதெல்லாம் இல்லை... கவிதை கேட்க. கொண்டை ஊசி வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டே மலையேறிப் போய்க் கவிதை கேட்கிற ஆட்களும் இந்த நாட்டில் இருக்கிறோம், நம்புங்கள்.

எங்கள் கவிதைக் குழுவில் மொத்தமே ஏழெட்டுப் பேர். அவ்வப்போது யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். யார் எதை வாசித்தாலும் கைதட்டுவோம், 'அருமை' என்போம். சாப்பாடு போடுகிற வீட்டில் வேறென்ன சொல்வது?

இந்த முறை பூங்கொடி வீட்டில். பெரக்கரை நாட்டில் (கொல்லிமலையில் ஊர்த் தொகுதியை 'நாடு' என்பார்கள்) மிளகும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு அடிக்கடி கவிதை அனுப்புவார். மூடுபனி, பலாப்பழம், அருவி... எல்லாமே அழகாக இருக்கும். "மலை மொத்தமும் இருக்கு, நீங்க மட்டும் இல்லையே பூங்கொடி?" என்று ஒருநாள் போனில் கேட்டுத் தொலைத்தேன். சிரித்துவிட்டு வைத்துவிட்டார். என் வாய் சும்மா இருக்காது, உங்களுக்குத்தான் தெரியுமே!

அவர் எழுதுவது கணவர் ராஜேந்திரனுக்குத் தெரியாது. மனைவி போனில் பாட்டு கேட்கிறாள் என்றே நினைத்திருக்கிறார். அன்றைக்குத்தான் முதன்முதலாக அவர் முன்னால் வாசிக்கப்போகிறார் பூங்கொடி. அடுப்படியில் என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

"அவரு மூஞ்சி சுளிச்சாருன்னா, எழுதறத இதோட உட்டுருவேனுங்க அக்கா."

அருவிக் கவிதையை வாசியுங்கள், வம்பில்லை என்று நானே யோசனை சொன்னேன். தலையாட்டினார்.

வாசலில் தார்ப்பாய் விரித்து மிளகு காய்ந்துகொண்டிருந்தது. அவர்கள் வீட்டில் ஏணி போட்டு ஏறி மிளகு பறிப்பது ராஜேந்திரன். பறித்த கொத்துகளைக் காலால் மிதித்து உதிர்ப்பது பூங்கொடி. ராஜேந்திரன் எங்களுக்கு சேர் போட்டார், டீ கொடுத்தார், தானும் ஓரமாக உட்கார்ந்தார். நல்ல மனுஷன்.

பூங்கொடி எழுந்தார். அருவி வரவில்லை. இது வந்தது:

மிளகு மிதித்த கால்
எரியுது என்றேன்.
மோர் ஊற்றிக்கொள் என்றார்கள்.
நெஞ்சு எரியுது என்று
இதுவரை சொன்னதில்லை.
சொன்னால்
எதை ஊற்றச் சொல்வார்கள்?

கைதட்டினோம். பழக்கம் விடுமா? ஒருவர் 'அருமை, அருமை' என்றே சொல்லிவிட்டார். ஒரு மனுஷி நெஞ்சைத் திறந்து காட்டினால் கைதட்டுகிற ஜென்மங்கள் நாங்கள் மட்டும்தான். ராஜேந்திரன் தட்டவில்லை. யாரையும் பார்க்காமல் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

போச்சுடா என்று நினைத்தேன். அடுப்படிக்கு ஓடி, எழுதுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்று பூங்கொடியிடம் கெஞ்சினேன். அவரோ சாவகாசமாக ரசம் தாளித்துக்கொண்டிருந்தார்.

"படிக்கிற வரைக்கும் பயந்தானுங்க அக்கா. படிச்சு முடிச்சதும், அட, இது நானான்னு இருந்துச்சு. இனி அவரு சுளிச்சாலும் எழுதுவேனுங்க."

காலையில் கணவர் முகத்தைப் பார்த்து முடிவெடுக்கக் காத்திருந்த பெண் எங்கே போனார்? நாம் இன்னார் என்று மற்றவர்கள் சொல்லக் கேட்டே பாதி ஆயுள் போய்விடுகிறது. ஒருமுறை நம் வாயால் உரக்கச் சொல்லிப் பார்த்தால்தான் நமக்கே விளங்குகிறது. அதற்கு இலக்கணம் தெரிய வேண்டியதில்லை... கொஞ்சம் துணிச்சல் போதும்.

இலை போட்ட பிறகுதான் ராஜேந்திரன் திரும்பி வந்தார். கை கழுவிவிட்டு உட்கார்ந்தார். சோற்றைத் தொடவில்லை. நாங்கள் அத்தனை பேர் இருப்பதையே மறந்தவர் மாதிரி மனைவியை நிமிர்ந்து பார்த்தார்.

"எத்தன நாளா புள்ள எரியுது?"

பூங்கொடி அவர் சோற்றில் ரசத்தை ஊற்றினார்.

"சாப்புடுங்க. சொல்றதுக்கு நெறையா இருக்குது."

இன்னும் மூன்று பேர் வாசிக்க வேண்டியிருந்தது. வாசிக்காமலே அவசர அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு வேனில் ஏறிவிட்டோம். சில விமர்சனக் கூட்டங்களுக்கு இரண்டு பேர் போதும்!