வேட்டித் துணியில் மினுங்கிய தூள்

இன்று பக்கத்துக் கடையில் யாரோ மண்ணெண்ணெய் கேனைத் திறந்ததும், ராஜகீழ்ப்பாக்கத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கும் இடத்தில் இருந்த, அப்பா கார் ரிப்பேர் பார்த்த எங்கள் தகர ஷெட் நினைவுக்கு வந்துவிட்டது.

அங்கே ஒரு பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நின்றது. என்ஜினில் பேரிங் தேய்ந்ததும் அப்பா புதிது போட்டார். ஆனால் ஆயிலைக் குளிரவைக்கும் கூலரை வெளியே மட்டும் கழுவி மாட்டிவிட்டார். பழைய பேரிங் தேய்ந்து உள்ளே தங்கியிருந்த உலோகத்தூள் ஆயிலோடு போய்ப் புது பேரிங்கையும் தின்றுவிட்டது.

"இன்னொரு தடவை போச்சுன்னா வேற ஷெட் பாத்துக்கறேன்" என்றார் கார்க்காரர். எங்களுக்கு இருந்த ஒரே பெரிய வேலை அதுதான்.

இந்த முறை அம்மாவும் உட்கார்ந்துவிட்டாள். கழற்றிய கூலரில் ஆயில் வெளியேறும் வழியாகவே அப்பா மண்ணெண்ணெயை ஊற்றுவார், இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குலுக்குவார்கள், உள்ளே களக் களக்கென்று சத்தம் கேட்கும், வடிவதை அம்மா வெள்ளை வேட்டித் துணியில் பிடித்து வெயிலில் விரிப்பாள், மறுபடி ஊற்றுவார், இப்படியே மூன்று பகல் போனது.

"தண்ணி மாதிரி வருது, வுடுடி" என்றார் அப்பா.

"போன தபாவும் இதையேதான் சொன்ன. மினுங்குது பாரு, ஊத்துய்யா."

நான்காம் நாள் துணியில் ஒன்றும் மினுங்கவில்லை. இன்னொரு புது பேரிங்கோடு கூலரை மாட்டி, குன்றத்தூர் மலையடிவரை ஓட்டிப்போய் வந்த அப்பா சிரித்துக்கொண்டே இறங்கினார். அம்மா சிரிக்கவில்லை. என்ஜினில் ஓடிய ஆயிலையும் இறக்கச் சொல்லி, புதுத் துணியில் வடிகட்டி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான் கேட்டாள்:

"சோறு போடட்டா?"