தட்டில் மீந்த பத்தொன்பது ராகி உருண்டைகள்

எவர்சில்வர் தட்டை என் ஓரகத்தி இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போன காட்சி ஆறு ஆண்டுகளாகியும் மங்கவில்லை. தட்டில் பத்தொன்பது ராகி உருண்டைகள் இருந்தன. நான் பிடித்தவை இருபத்துமூன்று. இந்த எண்ணிக்கை அன்றைய நாட்குறிப்பில் இருக்கிறது. அன்று நான் செய்த காரியம்தான் அதில் இல்லை.

ஓரகத்தி என்றால் என் கணவருடைய தம்பி மனைவி. மாரண்டஹள்ளியில் இருக்கிறாள், என்னைவிட நான்கு வயது இளையவள். என் கணவருக்கு ரத்தத்தில் சர்க்கரை எல்லையைத் தொட்டு நின்ற வருடம் அது. தருமபுரியில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்யும் எனக்கு, வெல்லமும் சர்க்கரைதான் என்பது தெரியும். சீனியை விட்டுவிட்டு வெல்லத்தை அள்ளிப் போட்டால் பயனில்லை. வீட்டில் சீனி வாங்குவதை நிறுத்தினேன். காபிக்கென்று எனக்கு மட்டும் சிறு டப்பாவில் கொஞ்சம் வைத்துக்கொண்டேன். அவருக்கு ஒரு நாளைக்கு ஓர் உருண்டை என்று மருத்துவர் விட்டுக்கொடுத்திருந்தார். அந்த ஓர் உருண்டையும் மாரண்டஹள்ளியிலிருந்து பஸ்ஸில் வந்தது.

ராகியை முளைகட்டி, நிழலில் காயவைத்து, வறுத்து அரைப்பாள். வறுத்த நிலக்கடலையை வெல்லத்தோடு இடித்துச் சேர்த்துப் பிடிப்பாள். நாலு பங்கு மாவுக்கு ஒரு பங்கு வெல்லம்தான். ஆனாலும் தித்திக்கும். ஒருமுறை அவள் அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கிராம் கணக்கில் குறித்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் வறுப்பாய் என்று கேட்டேன்.

"வாசம் வர்ற வரைக்குங்க அக்கா."

"எத்தனை நிமிஷம்னு கேக்கறேன்."

"அது ராகியத்தான் கேக்கணும்," என்று சிரித்தாள்.

வீட்டில் தராசு வைத்துச் செய்தேன். பதினான்கு நிமிடம் வறுத்தேன். சப்பென்றிருந்தது. மறுபடி பதினாறு நிமிடம் வறுத்தபோது கசந்தது. என் கணவர் மென்றுகொண்டே, "நல்லா இல்லன்னு சொல்லல. அவ செய்யறது வேற," என்றார். நான் நாற்பது வகை மருந்தின் அளவை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவள். கைக்கணக்கில் சமைக்கும் ஒருத்தியிடம், என் வீட்டு மனிதரின் நாக்கை விட்டுக்கொடுத்திருந்தேன்.

அந்த ஆடிப் பதினெட்டுக்கு அவளும் கொழுந்தனாரும் வருவதாக இருந்தது. இந்த முறை உருண்டையை நானே பிடிப்பதாகச் சொல்லியிருந்தேன். முளைகட்டிய ராகியை அவளே முன்கூட்டி அனுப்பியிருந்தாள். மாவு பிசைந்து ருசி பார்த்தேன்; மறுபடியும் அதே சப்பு. தெருமுனையில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. காபி டப்பாவைத் திறந்து கைக்கு வந்த சீனியை மிக்சியில் போட்டு ஒரே ஒரு சுற்று சுற்றிக் கொட்டிப் பிசைந்தேன். சலிக்கவில்லை. வாழ்க்கையில் நான் அளக்காமல் போட்ட ஒரே பொருள் அதுதான்.

"இதாண்டி உருண்டை!" என்றார் என் கணவர். இரண்டாவதையும் எடுத்தார். என் நெஞ்சு நிமிர்ந்தது. கொழுந்தனார்தான் முகம் சுளித்தார்.

"அண்ணி, என்னமோ நறநறங்குது?"

ஓரகத்தி தன் வாயிலிருந்ததை மெல்ல மென்றாள். என்னைப் பார்த்தாள். பிறகு, "நான் குடுத்த ராகிங்க. மண்ணு சரியா அரிக்கலயாட்ட இருக்குது. அக்கா மேல தப்பில்ல," என்றாள். மூன்றாவதற்கு நீண்ட என் கணவரின் கைக்கு முன்னால் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வெள்ளைச் சீனியிலிருந்து அவரைக் காத்தவளும் அவள்தான்.

அதன்பின் ஒவ்வோர் ஆடிக்கும் அவளுக்குக் கேலி. இந்த வருடமும் அவள் டப்பாவைத் திறந்ததும் என் கணவர் தொடங்கினார்: "ஏம்மா, இந்தத் தடவையாச்சும் அரிச்சியா? இல்ல ஒகேனக்கல் மணல அள்ளிப் போட்டுட்டு வந்துட்டியா?"

அவள் வழக்கம்போலச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் இனியும் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அன்னைக்கி அது மண்ணு இல்லைங்க. சீனி. நான்தான் போட்டேன்."

கொழுந்தனார் நிமிர்ந்து பார்த்தார். என் கணவர் என்மேல் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"தெரிஞ்சேதான் பழிய ஏத்துக்கிட்டியாம்மா?"

"வுடுங்க மாமா," என்றாள். "ஒரு உருண்டைக்கு அக்கா எவ்வளவு பாடுபட்டிருக்காங்க."

அவர் அவளைப் பார்த்த பார்வையில் அவ்வளவு மதிப்பு இருந்தது. இத்தனை வருட இல்லறத்தில் என் கைக்கோ என் கணக்குக்கோ அது ஒருநாளும் கிடைத்ததில்லை. மனபாரத்தை இறக்கி வைக்கத்தான் உண்மையைச் சொன்னேன். அதையும் அவளுக்கே பெருமையாக்கிக் கொடுத்துவிட்டேன்.

டப்பாவை அவள் முதலில் என்னிடம்தான் நீட்டினாள். ஒன்றை எடுத்துக் கடித்தேன். மிக நன்றாக இருந்தது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.