அணைக்குப் போன மெக்கானிக்

மெக்கானிக் செத்துப்போய்விட்டார். துக்க வீட்டில் ஆளாளுக்கு அவர் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். திருமூர்த்தி மலைப் பாதையில் யானை ஒதுங்கி வழிவிட்ட கதை. உடுமலைக் காற்றாலைக் காத்தாடியடியில் படுத்து மழையைக் கூப்பிட்ட கதை. "மனுசன் வாழ்ந்தாருங்க" என்றார் ஒருவர். வாழ்ந்தார்தான். மற்றவர்கள் உள்ளே உட்கார்ந்து தைத்தார்கள், அவர் வெளியே வாழ்ந்தார்.

தையல் மெஷின் மெக்கானிக். வேலை தெரிந்தவர், அதை மறுக்கவில்லை. ஆனால் தெற்கே ஒரு மேகம் கூடினால் போதும், திருப்புளியைப் போட்டுவிட்டுத் தூண்டிலோடு அமராவதி அணைக்குக் கிளம்பிவிடுவார். கிளம்புமுன் பிரித்த மெஷினிலிருந்து லூப்பரை, ஊசியோடு சேர்ந்து நூல் பின்னும் அந்த வளைந்த கொக்கியை, கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். வேறு ஆளைக் கூப்பிட்டுவிடக் கூடாதே! ஒருத்தி பிழைப்பைக் கட்டிப்போட்டுவிட்டுத்தான் அய்யா காற்று வாங்கப் போவார்.

என் அக்கா அவிநாசிபாளையத்தில் ஒரு தகரக் கொட்டகையில் பவர் டேபிள், மோட்டாரில் ஓடும் தையல் மெஷின்கள், போட்டு, சில பெண்களை வேலைக்கு வைத்து, கம்பெனிக்குப் பனியன் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வெட்டிய துணியை ஓரம் பின்னி இணைக்க ஒரே ஓவர்லாக் மெஷின். அது நின்றால் பின்னாலிருக்கும் எல்லாம் நிற்கும். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பீஸ் வரவில்லையென்றால் இனி வேலையே கிடையாது என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அன்றைக்குக் காலையில் ஓவர்லாக் நூலை அறுத்தது. மெக்கானிக் வந்தார், பிரித்தார், வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார். "ஒரு சாமான் வாங்கிட்டு வந்தர்றேன் அம்மிணி" என்றார்.

அக்கா போன் போட்டுக்கொண்டே இருந்தாள். எடுக்கவில்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வந்தது. அணைத் தண்ணீர், அதில் கவிழ்ந்து கிடக்கும் மேகம், கீழே 'இயற்கையே இறைவன்'. இறைவன் பையில் எங்கள் லூப்பர் இருந்தது.

இன்னொரு மெக்கானிக்கைத் தேடி நான் போனேன். "அவரு பிரிச்ச மெஷினுங்களா? நாங்க கை வெச்சா மரியாதையா இருக்காதுங்க" என்றார். மெக்கானிக்குகள் தங்களுக்குள் கொடுத்துக்கொள்ளும் மரியாதை. டேபிளில் கை கட்டி உட்கார்ந்திருந்த பெண்களுக்கு அதில் பங்கில்லை.

சாயங்காலம் கம்பெனி சூப்பர்வைசர் குட்டியானை வண்டியோடு வந்தார். "நானென்னங்க பண்றது, அங்க என்னையப் போட்டுத் திட்றாங்க" என்று பாதி தைத்த பண்டல்களை ஏற்றச் சொன்னார். அக்கா ஒவ்வொன்றையும் உதறி, பஞ்சு தட்டி, மடித்துக் கொடுத்தாள். பறிகொடுப்பதையும் சுத்தமாகச் செய்தாக வேண்டும் அவளுக்கு.

மறுநாள் காலை, வேலை இருக்கிறதா என்று கேட்க வந்த பெண்கள் வாசலில் நிற்க, ஒரு பை ஜிலேபி மீனோடு இறங்கினார் மெக்கானிக்.

"ஏனுங்ணா, இப்படிப் பண்ணிப்போட்டீங்களே" என்றாள் அக்கா. அவ்வளவுதான் அவள் கோபம்.

"நீ கேளு அம்மிணி. தூண்டி இழுக்குது. கெளுத்தின்னு நெனச்சுப் பாத்தா, மொதல! 'ஊட்ல சொல்லிட்டு வந்தியா'ங்கற மாதிரி மொறைக்குது. 'ஆத்தா, பையில எந்தங்கச்சி மெஷினுச் சாமான் இருக்குது. என்னைய முழுங்குனீன்னா உள்ளார ஓவர்லாக் அடிச்சு வாயத் தெச்சுப்போடும்'னேன். திரும்பிப் பாக்காம போயிருச்சு!"

பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நல்ல கதை. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்று தெரிந்த கதை. கதை எழுதச் சொற்களோடு மல்லுக்கட்டுகிற எனக்கு அது உறைத்தது. உறைத்ததால் இன்னும் ஆத்திரம் வந்தது. சொல்லிக்கொண்டே லூப்பரை மாட்டி மெஷினை ஓட்டிக் காட்டினார். அடியில் கொடுக்க ஒரு துணியில்லை. வெறும் நூலைப் பின்னிக்கொண்டு ஓடியது.

அக்காவும் சிரித்துவிட்டாள். டீ வைத்துக் கொடுத்தாள்.

கம்பெனியிலிருந்து அப்புறம் துணி வரவேயில்லை. அக்கா மெஷின்களை விற்றாள். இப்போது வேறொரு கம்பெனியில் செக்கிங் டேபிளில் அடுத்தவர் தையலுக்குப் பிசிறு வெட்டுகிறாள். நாள் முழுக்க நின்றுகொண்டுதான் வேலை.

"போச்சாது வுடு கண்ணு, மனுசன் தமாசானவரு" என்கிறாள், வீங்கிய காலைத் தேய்த்துக்கொண்டே.