நின்ற ரயிலுக்கு ஆரத்தி

எங்கள் தாமான் குடியிருப்பில் நாற்பத்து மூன்று பேர் ரயிலை நம்பிப் பிழைக்கிறோம். ரயிலை நம்பி என்று சொல்வதுகூடத் தப்பு, லோகேஸ்வரியை நம்பி என்று சொல்ல வேண்டும்.

லோகேஸ்வரி என் எதிர் வீட்டுக்காரி. வயது ஐம்பத்திரண்டு. கோலாலம்பூரில் ஓர் ஆஸ்பத்திரி கேண்டீனில் சமைக்கிறாள். பத்தொன்பது வருடமாகக் காலை ஐந்து நாற்பது ரயிலில் போகிறாள். அந்த ரயில் எத்தனை நாள் ஐந்து நாற்பதுக்கு வந்தது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பாள், பிறகு இன்று என்ன கறி வைத்தீர்கள் என்று நம்மைக் கேட்பாள்.

எங்கள் ஸ்டேஷனில் டிவி மாதிரி ஒரு பலகை தொங்குகிறது. ரயில் நேரத்தைத் தவிர மற்ற எல்லாம் அதில் வரும். மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கள், பிள்ளையைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், குப்பை போடாதீர்கள். ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் தாமதத்துக்கு வருந்துகிறோம் என்று தேனாய்ச் சொல்லும். எவ்வளவு தாமதம், எதனால் தாமதம் என்று கேட்க ஆள் கிடையாது. கைப்பேசியில் பார்த்தால் ரயில் எங்களைத் தாண்டி அடுத்த ஊருக்குப் போய்விட்டதாகக் காட்டும். நாங்கள் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு அதைப் பார்ப்போம். எனக்கு வயிறு எரியும். பல வருடம் எரிந்து, எரிந்து, இப்போது மாத்திரை சாப்பிடுகிறேன்.

லோகேஸ்வரிக்கு மாத்திரை சாப்பிடும் பழக்கம் இல்லை. அவள் வேறு வழி பார்த்தாள். தெற்கே இரண்டு ஸ்டேஷன் தள்ளி, தண்டவாள வேலியோரம் சைதூன் பீவியின் நாசி லெமாக் கடை. வடக்கே இரண்டு ஸ்டேஷன் தள்ளி, அதே மாதிரி வேலியோரம், அவருடைய அண்ணன் யாக்கூப்பின் ரொட்டி சானாய் கடை. ரயில் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஓர் அடுப்பைத் தாண்டித்தான் வந்தாக வேண்டும். தாண்டியதும் லோகேஸ்வரிக்குச் சேதி வரும். அவள் வாட்ஸ்அப் குரூப்பில் குரல் கொடுப்பாள். நாற்பத்து மூன்று பேரும் அதன் பிறகுதான் சப்பாத்து மாட்டுவோம். குரூப்புக்கு அவள் வைத்த பெயர் 'ரயில் பெரட்டு'. தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை நிறுத்தி எண்ணுவதைப் பெரட்டு என்பார்கள். அவளுடைய அப்பா சுங்கை மெராந்தி தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர். பெரட்டில் அவர் போட்ட சத்தம் மகளுக்கு அப்படியே வந்திருக்கிறது. காலை ஐந்து மணிக்கு அந்தக் குரலைக் கேட்டால் செத்தவனும் எழுந்து உட்காருவான்.

நாளாக நாளாக அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் ஏறிவிட்டது. ரயிலைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் பொறுக்க மாட்டாள். எந்த ரயில், எந்தக் கிழமை, எத்தனை நிமிடம் பிந்தும் என்று ஜாதகம் சொல்வாள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதுதான் அவளைக் கெடுத்தது.

அவளுக்கு ஒரே மகள், ஷாமினி. முப்பத்தொரு வயது. செந்தூலில் ஒரு பல் கிளினிக்கில் வேலை. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் கோலாலம்பூரில் ரயில் நாற்பது நிமிடம் வராமல் போக, பக்கத்தில் நின்ற மகேந்திரன் என்ற லிஃப்ட் ரிப்பேர்காரப் பையன் அவளிடம், ரயில் வருமா என்று கேட்டிருக்கிறான். தெரியாது என்று சொல்லியிருக்கிறாள். தெரியாது என்ற ஒரு வார்த்தையிலிருந்து நாற்பது நிமிடம் பேச்சு வளர்ந்து காதலாகிவிட்டது. ரயில் நிர்வாகம் இத்தனை வருடத்தில் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

மகேந்திரனின் அம்மா தனலெட்சுமிக்கு இதில் இஷ்டமில்லை. தம்பி மகளைக் கட்டி வைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். நேராக வேண்டாம் என்று சொல்ல மாட்டார், நாள் சரியில்லை என்பார். அந்த அம்மாள் நாள்காட்டியைப் பார்க்காமல் பல்கூட விளக்காதவர். மூத்த மகனுக்குப் பெண் பார்க்கப் போனபோது ராகு காலம் பிறந்து மூன்று நிமிடம் ஆகிவிட்டது என்று வாசலிலேயே காரைத் திருப்பச் சொன்னவர். இரண்டு வருடம் இழுத்தடித்து, கடைசியில் போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வர ஒப்புக்கொண்டார். மூன்றரையிலிருந்து நாலரை வரை நல்ல நேரம். நாலரைக்கு ராகு காலம். நாலரைக்குள் வீட்டுக்குள் காலடி வைத்தால் சரி, இல்லாவிட்டால் அப்படியே திரும்பிவிடுவேன், பிறகு இந்தப் பேச்சே வேண்டாம் என்று மகனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஷாமினியும் அம்மாவிடம், இந்தத் தடவை அவர்கள் திரும்பிப் போனால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவள் அழவில்லை. அழாமல் சொன்னதுதான் லோகேஸ்வரிக்குப் பயமாக இருந்தது.

மகேந்திரன் காரில் அழைத்து வருவதாகத்தான் சொன்னான். லோகேஸ்வரி விட்டால்தானே!

"கார்ல வராதீங்க தம்பி. ஞாயித்துக்கிழமை ஹைவே ஜேம் ஆயிரும். ரயில்ல வாங்க. ஞாயித்துக்கிழமை மத்தியான ரயில் லேட்டானதே இல்ல, நான் பொறுப்பு" என்றாள்.

ரயில் நாலு ஐந்துக்கு வரும். ஸ்டேஷனிலிருந்து வீடு ஐந்து நிமிடம். இருபது நிமிடம் மிச்சம். அவளுடைய கணக்கில் ஓட்டையே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் என் காரைக் கழுவி, பூ வைத்து, ஸ்டேஷன் வாசலில் நின்றேன். லோகேஸ்வரி பட்டுப்புடவையில் பிளாட்பாரத்தில் நின்றாள். அவள் வீட்டுக்காரர் குணாளன் மோட்டார் சைக்கிளோடு நின்றார். குணாளன் செம்பனைக் குலை லோரி ஓட்டுபவர், அதிகம் பேசாத மனிதர். அன்றைக்குப் புது வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மூன்று ஐம்பத்தேழுக்கு யாக்கூப் பாயிடமிருந்து ரயில் தாண்டிவிட்டது என்று சேதி வந்தது. லோகேஸ்வரி என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பைப் பார்க்க வேண்டும், ரயிலையே அவள்தான் பெற்று வளர்த்தது போல இருந்தது.

நாலு ஐந்து ஆனது. நாலு பத்து ஆனது. ரயில் வரவில்லை. பலகை, குப்பை போடாதீர்கள் என்றது.

அவள் கவுண்டருக்கு ஓடினாள். அங்கே இருந்தவர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, அந்த ரயில் வந்து போய்விட்டதே அம்மா என்று மலாயில் மரியாதையாகச் சொன்னார். அப்படியென்றால் அதில் வந்த ஆட்கள் எல்லாரும் கம்ப்யூட்டருக்குள்ளேயா இறங்கியிருக்கிறார்கள் என்று இவள் கேட்டாள். அவர் மறுபடியும் தட்டிப் பார்த்தார். பாவம், அவருக்கும் யாரும் எதுவும் சொல்வதில்லை.

அப்போதுதான் வீட்டிலிருந்து ஷாமினி போன் செய்தாள். மகேந்திரனிடமிருந்து சேதி வந்திருக்கிறது. ரயில் நடுவழியில் நிற்கிறது. ஏன் என்று சொல்லவில்லை, எப்போது எடுப்பார்கள் என்றும் சொல்லவில்லை. வெளியே இரண்டு பக்கமும் செம்பனை. வேலிக்கு அந்தப் பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு சின்னக் கோவில், ஒரு சூலம், சூலத்தில் எலுமிச்சம்பழம். அவன் அம்மா பையிலிருந்து காலண்டரை வெளியே எடுத்துவிட்டார்.

லோகேஸ்வரி பிளாட்பார நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "என் வாயாலயே என் புள்ள வாழ்க்கையக் கெடுத்துட்டேனே" என்றாள். பத்தொன்பது வருடத்தில் அவள் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதில்லை.

ஆனால் மண்டோர் மகள் அல்லவா. அரை நிமிடம்தான் உட்கார்ந்திருந்தாள். பிறகு தலையை நிமிர்த்தி, அந்தக் கோவில் சுங்கை மெராந்தி முனியாண்டி கோவில்தானே என்று குணாளனைக் கேட்டாள். அவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தோட்டத்து லயத்தில் ஒரே வரிசையில் பதினாறு வீடு இருந்தது. பதினாறில் ஏதாவது ஒரு வீட்டில் தீட்டு இல்லாத நாளே கிடையாது, ஒன்றில் சாவு என்றால் இன்னொன்றில் பிள்ளைப்பேறு. அதனால் பெண் பார்க்க வருகிறவர்களை வீட்டு வாசலில் வரவேற்க மாட்டார்கள். தோட்டத்து எல்லையில் முனியாண்டிக்கு முன்னால் ஆரத்தி எடுத்துவிடுவார்கள். அதோடு அவர்கள் வீடு வந்து சேர்ந்த மாதிரி. லயத்தை இடித்து எங்களுக்குத் தாமானில் வீடு கொடுத்த பிறகும் சில குடும்பங்கள் அதை விடவில்லை.

"எல்லையில ஆரத்தி எடுத்துட்டா வந்து சேந்த மாதிரிதான். அப்புறம் ராகு வந்தா என்னா, கேது வந்தா என்னா லா" என்றாள் லோகேஸ்வரி.

இறங்காதவர்களுக்கு எப்படி ஆரத்தி எடுப்பது என்று நான் கேட்டேன். அதைக் கேட்க அவள் அங்கே இல்லை. மோட்டார் கிளம்பிவிட்டது.

வீட்டுக்குப் போய் ஆரத்தித் தட்டை எடுத்துக்கொண்டு தோட்டத்துச் செம்மண் ரோட்டில் மோட்டார் பறந்தது. நான் காரில் பின்னால் போனேன். ஒவ்வொரு குழியிலும் ஆரத்தித் தண்ணீர் தளும்பிக் குணாளனின் புது வெள்ளைச் சட்டை முதுகில் சிவப்பாகக் கொட்டியது. எதிரே வந்த ஒருவர் விபத்து என்று நினைத்து வண்டியை நிறுத்தினார். குணாளன் நிற்கவில்லை.

நாலு இருபத்து நாலுக்கு வேலியோரம் போய்ச் சேர்ந்தோம். ரயில் அங்கேதான் நின்றது, அசைய மனமில்லாத எருமை போல. மகேந்திரன் போனில், மூன்றாவது பெட்டி, நடுக் கண்ணாடி என்றான். கண்ணாடி கறுப்பு. கண்ணாடியை ஒட்டி நிற்கிறவர்களைத் தவிர உள்ளே யார் என்று தெரியவில்லை. லோகேஸ்வரி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, புல்லில் இறங்கி, வேலியை ஒட்டி நின்றாள். கற்பூரம் காற்றில் மூன்று தடவை அணைந்தது. நாலாவது தடவை குணாளன் சட்டையை விரித்து மறைத்துக்கொண்டார், பற்றிக்கொண்டது. தட்டில் மிச்சமிருந்த இரண்டு கரண்டித் தண்ணீரை வைத்துக்கொண்டு அவள் அந்தப் பெட்டி முழுவதற்கும் ஆரத்தி எடுத்தாள். மாப்பிள்ளை வீட்டாரோடு சேர்த்து, வேலைக்குப் போகிற வங்காளதேசத்துப் பையன்கள், சந்தைப் பையோடு ஒரு மலாய்க்காரப் பாட்டி, காதில் பாட்டு மாட்டிய இரண்டு சீனப் பிள்ளைகள் என்று எல்லாருக்கும் திருஷ்டி கழிந்தது. அத்தனை பேரும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள், பாதிப் பேர் படம் எடுத்தார்கள். மணி நாலு இருபத்தேழு.

இவ்வளவு தூரம் ஓடி வந்து நிற்கிற பெண்ணுக்குக் கட்டாயம் விஷயம் தெரிந்திருக்கும் என்று உள்ளே இருந்தவர்கள் நினைத்திருக்க வேண்டும். மலாய்க்காரப் பாட்டி தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, எவ்வளவு நேரம் என்று சைகையில் கேட்டார். அந்தச் சமயத்தில்தான் அடுத்த தண்டவாளத்தில் எதிர் ரயில் தடதடவென்று போனது. லோகேஸ்வரிக்குப் புரிந்துவிட்டது. முன்னால் எங்கேயோ ஒரு தண்டவாளத்தில் வேலை நடக்கிறது, இரண்டு ரயிலும் மாறி மாறி ஒரே பாதையில் போகின்றன, இனி இதன் முறை. அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடிக்கு நேரே ஐந்து விரலைக் காட்டினாள்.

ஐந்தாவது நிமிடம் ரயில் நகர்ந்தது. உள்ளே எல்லாரும் கை தட்டினார்கள். சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை, கைகள் அசைந்ததைப் பார்த்தோம்.

நான் ஸ்டேஷனுக்குத் திரும்பியபோது தனலெட்சுமி அம்மாள் மகனோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என் காரில் ஏறிப் பையை மடியில் வைத்துக்கொண்டார். மகேந்திரனுக்கு வியர்த்து ஊற்றியது. எல்லை, முனியாண்டி, ஆரத்தி என்று நான் ஏதோ ஆரம்பித்தேன். அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார், நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

வீட்டு வாசலில் லோகேஸ்வரி நின்றாள். பட்டுப்புடவை முழங்கால் வரை செம்மண். பக்கத்தில் குணாளன், வெட்டுப்பட்டவர் மாதிரி. கதவுக்குப் பின்னால் ஷாமினியின் நிழல் தெரிந்தது. தனலெட்சுமி அம்மாள் கேட்டுக்கு வெளியே நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாலு ஐம்பத்திரண்டு.

"அக்கா, எல்லையிலயே ஆரத்தி எடுத்துட்டேன், அது எங்க வழக்கம்..." என்று லோகேஸ்வரி ஆரம்பித்தாள். அந்தப் பெரட்டுக் குரல் பாதியிலேயே உடைந்துவிட்டது. "ஒங்களுக்கு மனசு ஒப்பலைன்னா ஆறு மணி வரைக்கும் எதுத்த வீட்டுல ஒக்காருங்க. திரும்பி மட்டும் போயிறாதீங்க. தப்பு என்னுது, புள்ளையோடது இல்ல."

தனலெட்சுமி அம்மாள் கடிகாரத்தை விட்டு நிமிர்ந்தார்.

"நான் பொய் சொல்லக் கூடாது தங்கச்சி. ரயில் நின்னப்ப எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. நாலரை ஆயிட்டா நல்ல சாக்கு, திரும்பிப் போயிரலாம்னு காலண்டரக் கையில வச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேன்" என்றார்.

மகேந்திரன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒரு ரயில் நெறைய ஆளு நாங்க. எதுக்கு நிக்குது, எப்ப போவும்னு ஒருத்தன் வந்து சொல்லல. நீங்க வந்து வேலிக்கு வெளிய நின்னு அஞ்சு விரலக் காட்டுனீங்க. எம்புட்டுப் பேருக்கு உசுரு வந்துச்சு தெரியுமா? ஒங்க வளர்ப்புல வந்த பொண்ணு, என் மகன ஒண்ணும் தெரியாம தவிக்க விடாது."

சொல்லிக்கொண்டே அவர் கேட்டைத் தாண்டி வந்து வாசலில் செருப்பைக் கழற்றினார். ராகு காலத்துக்கு லோகேஸ்வரியும் பயந்தவள்தான். ஆறு மணி வரைக்குமாவது பொறுத்தால் நல்லது அக்கா என்று பதறிப்போய்க் கையை நீட்டினாள். தனலெட்சுமி அம்மாள் அந்தக் கையையே பிடித்துக்கொண்டு, வலது காலை எடுத்து உள்ளே வைத்தார்.