செங்கடலுக்கு ஒரு சம்மதக் கடிதம்

அன்று அந்தச் செய்தியை நான் படித்தேனா, இல்லை எனக்கு வேண்டியதை மட்டும் அதில் தேடி எடுத்துக்கொண்டேனா? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

என் கணவர் சரக்குக் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை செய்கிறவர். மகளுக்கு எட்டு மாதமாக இருந்தபோது, ஒருநாள் காலையில் எங்கோ ஒரு துறைமுகத்திலிருந்து கூப்பிட்டார். கப்பல் அடுத்து செங்கடல் வழியாகப் போகிறது. அங்கே ஆயுதக் குழுவினர் கப்பல்களைத் தாக்கிக்கொண்டிருந்தார்கள். சம்மதம் உள்ளவர்கள் கடிதத்தில் கையெழுத்திட வேண்டும், மற்றவர்கள் அங்கேயே இறங்கி ஊர் திரும்பலாம் என்று கம்பெனி சொல்லியிருந்தது.

“நீதான தெனமும் செய்தி படிக்கவ. என்ன சொல்லுத? மத்தியானத்துக்குள்ள கொடுக்கணும்.”

அப்போதுதான் என் போனில் ஒரு தலைப்பு வந்திருந்தது. பிரிட்டன், சீன அதிகாரிகள் போர்கள் பற்றிப் பேச்சு. கப்பல் பாதுகாப்பும் பேசப்பட்டது. ஒன்று ஒரு காலத்தில் கடல்களை ஆண்ட நாடு. மற்றது உலகத்துக்கே சரக்கு அனுப்புகிற நாடு. இந்த இரண்டு நாடுகளும் உட்கார்ந்து பேசினால் நடக்காமலா போகும்?

“பெரிய நாடுங்க பேச ஆரம்பிச்சாச்சு. கையெழுத்தப் போடுங்க,” என்றேன்.

பால் வாங்கப் போன இடத்தில் பெருமையாகவே இதைச் சொன்னேன். கடைக்கார அண்ணாச்சி சிரித்தார்.

“நம்ம தெருக் குழாய்க்கு நாலு வருசமா பேசுதோம். பேசி முடிச்சதும் டீயக் குடிச்சிட்டு எந்திரிச்சிருவோம். அவங்க ரெண்டு பேரும் நம்மள விட பெரிய டீக்காரங்கல்லா தாயி!”

வீட்டுக்கு வந்து செய்தியை முழுதாகப் படித்தேன். கருத்துகளைப் பரிமாறிக்கொண்டார்கள், தொடர்ந்து பேச ஒப்புக்கொண்டார்கள். எந்தக் கப்பலையும் யாரும் காப்பதாக ஒரு வரிகூட இல்லை. உடனே கூப்பிட்டேன்.

“கடிதத்தத் திருப்பி வாங்குங்க.”

“ஏளா, கொடுத்தாச்சு. நான் போட்டதப் பாத்து ரெண்டு பேரு போட்டிருக்கானுவ. இப்ப நான் மட்டும் எறங்கவா?”

கப்பல்கள் இருக்குமிடத்தைக் காட்டும் செயலியில் அவருடைய கப்பல் ஒரு பச்சைப் புள்ளி. செங்கடல் வாசலில் அது மறைந்தது. ஆபத்தான இடத்தில் கப்பல்காரர்களே இடம் காட்டும் கருவியை அணைத்துவைப்பார்கள் என்று தெரியும். தெரிந்தும் செயலியைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன்.

“போனக் கீழ வையிளா, பிள்ள பசிக்கு அழுதா,” என்று மாமியார் அதட்டினார். சொல்லிவிட்டு அவரே என் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்தார்.

நான்காம் நாள் புள்ளி சூயஸ் பக்கம் தெரிந்தது.

இப்போது அவர் தூத்துக்குடியில், வீட்டில்தான் இருக்கிறார். அடுத்த வாரம் மறுபடியும் கப்பல். அந்தக் கடிதம் மறுபடியும் வரும். இந்த முறை எந்த நாட்டுப் பேச்சையும் சாட்சிக்கு இழுக்க மாட்டேன். “எனக்குப் பயமா இருக்கு, போகாதீங்க” என்று என் வாயால் சொல்லத் தீர்மானித்துவிட்டேன்.

“பயத்தப் பாத்தா எந்தக் கப்பல்லயும் ஏற முடியாது,” என்கிறார் அவர்.

கப்பலுக்கு ஆளை அனுப்பிவிட்டு வீட்டில் இருப்பவர்களே, நீங்கள் வேண்டாம் என்று சொன்ன பிறகும் அவர் கையெழுத்திட்டால், அதற்குப் பிறகு அவரிடம் என்ன பேசுவீர்கள்? தெரிந்தவர்கள் எனக்கு எழுதுங்கள்.