பெயர் எழுதாத பட்டியல்

நேற்று டிவியில் ஒரு காமெடித் தொடர். பக்கத்து வீட்டுக்காரர் திருட்டுக் கரண்ட் எடுக்கிறார். போட்டுக்கொடுப்பதா வேண்டாமா என்று புருஷனும் பெண்டாட்டியும் அரை மணி நேரம் அடித்துக்கொள்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடுகு அரைத்து வைத்த மீன் குழம்பு வாசனைதான் வந்தது.

வடக்கே ஷாதிபூரில் நாங்கள் இருந்தபோது அடுத்தது வங்காளி மண்டல் தாதா வீடு; தாதா என்றால் அவர்களுக்கு அண்ணன். சின்ன வயதில் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம் முழுக்க எனக்குச் சோறு அங்கேதான். மூன்று நாளைக்கு ஒரு தரம் குழாயில் தண்ணீர் வரும். எங்கள் லைனில் தாதா ஒருவர்தான் குழாயிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சிவிடுவார். மேட்டு வீடுகளுக்குச் சொட்டு ஏறாது. எனக்கோ அப்போது தண்ணீர் ஆபீசில் தற்காலிக வேலை கிடைத்து இரண்டே மாதம்.

"உங்க லைன்ல யார் யார் மோட்டார் வச்சிருக்காங்கன்னு திங்கட்கிழமை லிஸ்ட் குடு. ஒரு வீடு விட்டுப்போனாலும் நீ வேலைக்கு வர வேணாம்" என்றார் மேலதிகாரி.

"எழுதிராதடி, நாளைக்கு அவங்க மூஞ்சில முழிக்கணும்" என்றாள் அம்மா. "எழுதாட்டி நௌக்ரி போயிரும்" என்றார் அப்பா.

ஞாயிறு மத்தியானம் நானே போய் தாதா வீட்டுக் கதவைத் தட்டினேன். வீரமாகத்தான் போனேன். ஆனால் போதி, தாதாவின் மனைவி, தட்டை வைத்துவிட்டார். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பது நினைவுக்கு வரும்போது இரண்டாவது மீன் துண்டும் உள்ளே போயிருந்தது. கைகூடக் கழுவாமல், "மோட்டார் இருந்தா நாளைக்கு உங்க பேரை எழுதுவேன்" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டேன்.

தாதா எழுந்து போய் மோட்டாரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "அச்சா கியா, பேட்டி. பாப்பாசே ஸ்பேனர் லேகே ஆ" என்றார். நல்லது செய்தாயாம், அப்பாவிடம் ஸ்பேனர் வாங்கி வர வேண்டுமாம்! கழற்றும்போது விளக்குப் பிடித்தது அப்பாதான். போதி மட்டும் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

மறுநாள் எங்கள் லைனில் எழுத ஒரு வீடும் இல்லை. மேட்டு வீடுகளில் குடம் நிரம்பியது. நான் கொடுத்தது வெறும் தாள். இத்தனை வருஷ வேலையில் எனக்குப் பெருமையான பட்டியல் இன்றைக்கும் அதுதான்.

இப்போது புகாரெல்லாம் போனில். புகார் கொடுப்பவர் பெயர் போட வேண்டாம், படம் போதும். போன வாரம் என் வாசலில் மணல் கொட்டியிருந்ததைப் படத்தோடு வந்து காட்டினார் ஒரு அதிகாரி. மணலை அன்றே அள்ளிவிட்டேன், தப்பு என்னுடையதுதான். ஆனால் படத்தின் ஓரத்தில் எதிர்வீட்டு மாடித் துளசி தெரிந்தது; அங்கிருந்து எடுத்த படம்.

இன்று காலை எதிர்வீட்டுப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். மதியம் மீன் குழம்பு வைத்துவிட்டு அவளுக்காகக் காத்திருந்தேன். கதவை யாரும் தட்டவில்லை.